அட்டை இல்லாத பாட்டுப் புத்தகம்

என்னிடம் நானூற்றுச் சொச்சம் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு அட்டை கிடையாது. முதல் நான்கு பக்கங்களும் போய்விட்டன. கடைசியில் எத்தனை பக்கம் போயிற்று என்று சொல்ல முடியாது. ஐந்தாம் பக்கத்தில், கதைச்சுருக்கத்தின் நடுவில் திடுதிப்பென்று தொடங்குகிறது: ஒரு ராணி மூர்ச்சையாகி விழுகிறாள். எந்த ராணி, ஏன் விழுந்தாள், என்ன படம், யார் நடித்தது, ஒன்றும் இல்லை. பாட்டுகள் மட்டும் இருக்கின்றன, பதினேழு. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பதினேழு பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான், ஆனால் நேராக அங்கே போக முடியாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

பாட்டுப் புத்தகம் என்றால் என்ன என்று என் மகளுக்கு விளக்க வேண்டியிருந்தது, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் வந்தால், அதன் பாட்டு வரிகளை மட்டமான தாளில் அச்சடித்து, நடுவில் ஒரு பின் அடித்துக் கொட்டகை வாசலில் விற்பார்கள். உள்ளே முதலில் படக் கம்பெனியின் பெயர். அப்புறம் நடிகர் பட்டியல், பிறகு கதைச்சுருக்கம். கதை சரியாக ஆபத்தான இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். கதாநாயகி மலையுச்சியில் நிற்பாள், வில்லன் கத்தியை ஓங்கியிருப்பான், கீழே ஒரு வரி: 'மீதியை வெள்ளித்திரையில் காண்க.' அதற்குப் பிறகு பாட்டுகள். பின்னட்டையில் சோப்பு, பல்பொடி, தைலம், தலைவலி மாத்திரை என்று ஏதாவது ஒரு விளம்பரம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் நான் பார்த்தபோது விலை ஐம்பது பைசா. இடைவேளையில் முறுக்குத் தட்டும் கலர் பாட்டிலுமாக வரும் பையன்களில் ஒருவன் இந்தப் புத்தகங்களை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு 'பாட்டு பொஸ்தகம், பாட்டு பொஸ்தகம்' என்று இருட்டுக்குள் நடந்து போவான். அம்மா ஒன்று வாங்காமல் வரமாட்டாள். முறுக்கு கேட்டால் 'வீட்டில் போய்ச் சாப்பிடலாம்' என்பவள், பாட்டுப் புத்தகத்துக்கு முந்தானை முடிச்சை அவிழ்த்துவிடுவாள்.

அம்மா போன பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அடியில் அறுபத்து மூன்று புத்தகங்கள். பாதிக்கு மேல் அறுபதுகளில் வந்தவை. சில அவளுடைய அம்மாவின் காலத்தவை. புடவைக்கு நடுவில் வைத்ததால் பூச்சி படாமல் தப்பியிருந்தன. அங்கே பிடித்த பைத்தியம்தான் இன்னும் விடவில்லை.

இனி கொஞ்சம் பழைய கதை.

1931 அக்டோபர் 31இல் சென்னையில் 'காளிதாஸ்' வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கியது, டி.பி. ராஜலட்சுமி நடித்தது. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று நாம் அதைச் சொன்னாலும், நாயகி தமிழில் பேச நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம் அது. யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பாட்டு கேட்க வந்த கூட்டத்துக்கு வசனம் எந்த மொழியில் இருந்தால் என்ன? மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகள் அதில் இருந்தன. 'இராட்டினமாம் காந்தி கைபாணமாம்' என்று கதைக்குக் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாமல் ஒரு காந்தி பாட்டும் இருந்தது. இன்று அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இல்லை. ஒரு அடி ஃபிலிம் இல்லை.

முப்பதுகளின் படங்கள் பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து அப்படியே இறங்கி வந்தவை, பாட்டும் கூடவே இறங்கி வந்தது. 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டு. கே. சுப்பிரமணியம் இயக்கம், பாபநாசம் சிவன் பாட்டு, எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு முதல் படம். ஐம்பது பாட்டை ஒருதடவை கேட்டு யாரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியும்? அதற்குத்தான் புத்தகம். ஆனால் சினிமாக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முன்பே நாடகப் பாட்டுகளும், கொலைச் சிந்துகளும், ரயில் கவிழ்ந்த கதைகளும் காலணா அரையணாவுக்குக் குஜிலிக் கடைப் புத்தகங்களாக, அதாவது சென்னைக் கடைத்தெருவின் மலிவுப் பதிப்புகளாக, வந்துகொண்டிருந்தன. அதே அளவு, அதே தாள், பல சமயம் அதே அச்சகம். சினிமா வந்ததும் அட்டையில் போட்டோ பிளாக் ஒன்று ஏறியது, அவ்வளவுதான்.

இந்தக் காலத்துப் புத்தகங்களின் தமிழ் தனி ருசி. 'ஸங்கீத டைரக்டர்', 'ஸினாரியோ', 'ப்ரொப்ரைட்டர்' என்று ஒரு பக்கம். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அதை யார் பாடுகிறார் என்று இருக்கும், ஆனால் பாடகர் பெயர் அல்ல, பாத்திரத்தின் பெயர். 'தோழி', 'ராஜா', 'முனிவர்', 'குறத்தி'. நடிப்பவரே பாடிய காலம், அதனால் வேறு பெயர் தேவைப்படவில்லை. 1938இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் எடுத்த 'நந்தகுமா'ரில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் வழக்கம் வந்த பிறகும் பாட்டுப் புத்தகங்கள் அதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பாடியவர் பெயர் ஒழுங்காக அச்சாக வெகுநாள் ஆயிற்று. ஐம்பதுகளின் புத்தகங்களில் தோழியும் முனிவரும் காணாமல் போய், டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே சமயத்தில் இன்னொன்றும் காணாமல் போகிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகன் ஒரு பார்சல் அனுப்பினான். அங்கே ஒரு வீட்டில் பெரியவர் இறந்து, சாமான்களை வாசலில் போட்டு விற்றிருக்கிறார்கள். ஒரு பெட்டி நிறைய பழைய ஹாலிவுட் பாட்டுத் தாள்கள், ஒன்று ஒரு டாலர். 'நீ இந்த மாதிரி குப்பைதானே சேர்க்கிறாய்' என்று ஒரு குறிப்போடு ஒன்றை எனக்கு எடுத்து வைத்திருந்தான். 1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் 'ஓவர் தி ரெயின்போ'. ஹரால்ட் ஆர்லன் இசை, லியோ ஃபீஸ்ட் என்ற கம்பெனி வெளியீடு. நம் புத்தகத்தைப் போல நாலு பங்கு பெரிய தாள், ஆனால் உள்ளே ஒரே ஒரு பாட்டு. ஐந்து கோடு போட்டு, புள்ளி புள்ளியாகப் பியானோவுக்கான இசைக் குறிப்பு, அதன் மேல் கிடாருக்கு எங்கே விரல் வைக்க வேண்டும் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். அந்தக் கால அமெரிக்காவில் படம் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக் கூடத்தில் பியானோவின் மேல் இதை நிறுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பார்களாம். ஹாலிவுட் பேசத் தொடங்கியதும் பெரிய ஸ்டூடியோக்கள் இந்தத் தாள் போடும் கம்பெனிகளையே விலைக்கு வாங்க ஆரம்பித்தன என்றால் வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரியாது. தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் தாளை ஒரு நிமிஷம் பார்த்தார், விரலைச் சொடுக்கிக்கொண்டார், வாசித்துவிட்டார். அவ்வளவுதான். எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ அடைத்து வைத்தது அவருடைய பெரம்பூர் வீட்டு மாடியில் அப்படியே திறந்துகொண்டது.

எனக்குக் கொஞ்சம் வீம்பு வந்துவிட்டது. பையிலிருந்து நம் அட்டையில்லாப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். 'இதை வாசியுங்கள் பார்க்கலாம்.'

அவர் முன்னும் பின்னும் புரட்டினார். 'சார், இதுல பாட்டு எங்க இருக்கு?'

'இதோ, பல்லவி, அனுபல்லவி, சரணம்...'

'அது வார்த்தை சார். பாட்டு எங்க?'

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி முழுக்க அது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

பாட்டு எங்கே? நம் பழைய பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கு மேலும் ஒரு வரி இருக்கும். 'ராகம்: காபி. தாளம்: ஆதி.' அல்லது 'ராகம்: செஞ்சுருட்டி. தாளம்: ரூபகம்.' கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் உதவும். ஆனால் காபியில் ஆயிரம் பாட்டு இருக்கிறது. 'தஞ்சாவூர் ஜில்லா' என்று மட்டும் முகவரி எழுதின மாதிரிதான். சில பாட்டுகளுக்கு ராகமும் இருக்காது. 'ஹிந்துஸ்தானி மெட்டு', 'பார்ஸி மெட்டு', 'காவடிச்சிந்து மெட்டு' என்று போட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் நேரடியாகவே, இன்ன பாட்டின் மெட்டு என்று இன்னொரு பாட்டின் முதல் வரியை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

இந்தக் கடைசி ரகம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தப் பாட்டை எப்படிப் பாடுவது? அந்தப் பாட்டைப் போல. அந்தப் பாட்டு எப்படி? அதுதான் உனக்குத் தெரியுமே! தெரு முழுக்க அதைத்தானே பாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் புத்தகத்தில் மெட்டை அச்சடிக்க இடம் விடவில்லை, ஏனென்றால் அது வாங்குகிறவரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கக்காரன் தாள் விற்றான். நம் ஆள் வார்த்தையை மட்டும் விற்றான், மிச்சத்துக்கு உன் அத்தையைக் கேட்டுக்கொள் என்று விட்டுவிட்டான். அத்தை இருக்கும்வரை இது பிரமாதமான ஏற்பாடு.

ஐம்பதுகளில் காணாமல் போனது என்று சொன்னேனே, அது இந்த ராக, தாள, மெட்டு வரிதான். அதற்குள் வானொலி வந்துவிட்டது. 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தப் போக, ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அம்மா சொல்வாள்: இலங்கை வானொலியில் பாட்டு வரும்போது ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் பென்சில். புத்தகத்தில் அச்சுப் பிழை இருந்தால் வானொலியைக் கேட்டுத் திருத்துவாளாம். அவளுடைய புத்தகங்களில் அந்தப் பென்சில் திருத்தங்கள் இன்னும் இருக்கின்றன. எனக்கு அவை அச்சான வரிகளைவிட முக்கியம். மெட்டை வானொலி கொண்டுவந்து கொடுத்துவிட்டதால் புத்தகம் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேசட் வந்ததும் வார்த்தையையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டுகளில் 'இளையராஜா ஹிட்ஸ்' மாதிரி தொகுப்புகளாகக் கொஞ்ச நாள் ஓடி, அந்த வியாபாரம் தானாக அடங்கிவிட்டது.

சரி, அட்டையில்லாப் புத்தகத்துக்கு வருகிறேன்.

இது கிடைத்தது திருவல்லிக்கேணி பாரதி சாலையில், நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய சென்னைவாசிகளுக்குப் பைகிராப்ட்ஸ் ரோடு. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பார்த்தவர்கள் இதெல்லாம் ஒரு நடைபாதையா என்பார்கள். அவர்கள் அப்படித்தான், எதைக் காட்டினாலும் மூர் மார்க்கெட் என்பார்கள். நான் பார்த்ததில்லை, எனக்கு இதுவே சொர்க்கம். கயிறு கட்டின ஒரு பழைய பத்திரிகைக் கட்டை முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன், பிரித்தால் நடுவில் இது செருகி இருந்தது.

படத்தின் பெயர் தெரியாவிட்டாலும் காலத்தையாவது கண்டுபிடிக்கலாம் என்று முயன்றேன். பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் வருஷம் போட மாட்டார்கள், இந்த வாரம் விற்க வேண்டிய சரக்குக்கு வருஷம் எதற்கு? அதனால் சேர்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது விலை. 'அணா' என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். 'ந.பை.', அதாவது நயா பைசா, என்று இருந்தால் அதற்குப் பின். 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசாவானது, ஆகவே 'ந.பை.' போட்டவையெல்லாம் அந்த ஏழு வருஷத்துக்குள் அடங்கிவிடும். மாறிய புதிதில் அணாவையும் நயா பைசாவையும் சேர்த்தே போட்ட அட்டைகள் உண்டு. என்னிடம் மூன்று இருக்கின்றன, கொஞ்சம் பெருமையாகவே காட்டுவேன். ஆனால் விலை இருப்பது அட்டையில். என் புத்தகத்துக்குத்தான் அட்டையே இல்லையே.

அடுத்து எழுத்து. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு வந்த அச்சில் 'லை', 'னை', 'றா' எல்லாம் இப்போது நாம் எழுதும் வடிவத்தில் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை'. போலியைப் பிடிக்க இது உதவும். ஒருமுறை ஒரு வியாபாரி 'ஒரிஜினல் சார், நாற்பதுகளில் வந்தது' என்று என்னிடம் ஒன்றை எண்ணூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். வீட்டில் வந்து பார்த்தால் கதைச்சுருக்கம் பூராவும் புதிய 'லை'. நாற்பதுகளின் அச்சகத்துக்கு 1978 எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்க மறுவாரம் போனேன். ஆள் வேறு இடத்துக்குக் கடை மாற்றிவிட்டார்.

இன்னொரு சோதனை விரலால் செய்வது. ஈய எழுத்தைக் கோத்து அடித்த தாளைத் திருப்பிப் பின்பக்கம் மெல்லத் தடவினால், எழுத்து அழுத்தின இடம் சின்ன மேடாகத் தட்டுப்படும். ஜெராக்ஸ் வழவழவென்று இருக்கும். அட்டையில்லாப் புத்தகத்தைத் தடவினேன், நன்றாகவே தட்டுப்பட்டது. பின் துருவேறி, அதைச் சுற்றித் தாள் பழுப்பாகி நொறுங்கியிருந்தது. அதையெல்லாம் யாராலும் போலி செய்ய முடியாது.

ஆனால் உண்மையான துப்பு பதினோராம் பாட்டில் கிடைத்தது. தலைப்பில் ராகமும் இல்லை, தாளமும் இல்லை. ''தீன கருணாகரனே' என்ற மெட்டு' என்று மட்டும். அந்தப் பாட்டு 1939இல் வந்த 'திருநீலகண்டர்' படத்தில் பாகவதர் பாடியது. அப்படியானால் இந்தப் புத்தகம் 1939க்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும். அதுவும் வெகுநாள் கழித்து இருக்காது, ஊர் வாயில் அந்தப் பாட்டு இருந்த சமயமாக இருக்க வேண்டும். பதினேழே பாட்டு என்பதும் ஒரு சாட்சி, கடைசிப் பக்கங்களோடு இன்னும் சில போயிருக்கலாம் என்றாலும். போர்க்காலத்தில் கச்சா ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. ஐம்பது பாட்டுக்கு எங்கே போவது? காகிதமும் கிடைக்கவில்லை. என் புத்தகத்தின் தாள் அவ்வளவு மெல்லியது, ஒரு பக்கத்துப் பாட்டு மறுபக்கத்தில் நிழலாடுகிறது. எனவே நாற்பதுகளின் முதல் பாதி என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்தேன்.

பதினோராம் பாட்டு அன்றைக்கே உயிர் பெற்றுவிட்டது. 'தீன கருணாகரனே' எனக்குத் தெரியும், யூடியூபில்கூடக் கிடைக்கிறது. அதன் மேல் இந்த வார்த்தைகளை வைத்துப் பாடிப் பார்த்தேன். பொருந்தியது. பெயர் தெரியாத ஒரு ராணி எழுபது எண்பது வருஷத்துக்கு அப்புறம் என் குளியலறையில் பாடினாள். குரல் சகிக்கவில்லை என்று வீட்டில் புகார் வந்தது வேறு விஷயம்.

மற்ற பதினாறும் பேசவில்லை.

இதற்கு நடுவில் ஒரு பாவமும் செய்திருக்கிறேன், ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சேர்க்க ஆரம்பித்த புதிதில், அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்த புத்தகங்களில் மிக நைந்திருந்த ஒன்றை ஒரு கடையில் கொடுத்து லாமினேஷன் போட்டேன். பத்திரமாக இருக்கும் என்று நினைப்பு. மட்டமான அச்சுத் தாளில் மரக்கூழின் அமிலம் இருக்கிறது, தாள் மஞ்சளாகி நொறுங்குவதே அதனால்தான். பிளாஸ்டிக்குக்குள் அடைத்தால் அந்த அமிலமும் கூடவே அடைபட்டுவிடும், போதாக்குறைக்குச் சூடு வேறு. ஐந்தே வருஷத்தில் அது காபித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது, பிரிக்கவும் வழியில்லை. செலோடேப்பும் இப்படித்தான். பசை மஞ்சள் கோடாக இறங்கி எழுத்தையே தின்றுவிடும். இப்போது நான் செய்வது மிகக் குறைவு: துருப்பிடித்த பின்னைக் கழற்றி வெள்ளை நூலால் தைப்பேன். ஒவ்வொன்றையும் அமிலம் இல்லாத தாளில் தனித்தனியாகச் சுற்றுவேன். படுக்க வைப்பேன், நிற்க வைப்பதில்லை. இராமபாணப் பூச்சிக்கு அலமாரியில் வசம்பு. வசம்புக்கு எவ்வளவு சக்தி என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பாட்டி வைத்த பெட்டியில் அதுதான் இருந்தது.

ஒருவர் வீட்டில் சேர்த்தது எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்ல வேண்டும். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர் அவர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையெல்லாம் வீடு கொள்ளாமல் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிப் போகாமல் சென்னையிலேயே 1994இல் ஒரு நூலகமாக்க வழி செய்தது. இன்று தரமணியில் இருக்கிறது. பழைய பாட்டுப் புத்தகம் தேடுகிற யாரும் ஒருநாள் அந்த வாசலில் போய் நிற்காமல் தப்ப முடியாது. நானும் போய் நின்றேன், இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். என் ராணி கிடைக்கவில்லை. ஆனால் வேறு ஒன்று புரிந்தது.

கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். ஆகவே படத்தில் மூன்று சரணம் இருந்தாலும் தட்டில் ஒன்றோ இரண்டோதான் வரும். பழைய பாட்டை நாம் இன்று கேட்பது பெரும்பாலும் அந்தத் தட்டிலிருந்து எடுத்தது. மிச்சச் சரணம் புத்தகத்தில் மட்டும் இருக்கும். அதே போலத் தலைகீழாகவும் நடந்திருக்கிறது: படம் முடியும் முன்பே புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு கத்தரியில் பாட்டு போய்விடும், புத்தகத்தில் மட்டும் நிற்கும். கொட்டகையில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, 'எட்டாம் பாட்டு எங்கேய்யா?' என்று சண்டை போட்டவர்கள் உண்டு என்று தாத்தா சொல்லியிருக்கிறார். ஆக, புத்தகத்தை மட்டும் நம்ப முடியாது, தட்டை மட்டும் நம்ப முடியாது. 'காளிதாஸ்' மாதிரி படத்துக்குப் படமும் கிடையாது.

அப்போதுதான் சின்னாச்சி ஞாபகத்துக்கு வந்தாள். அம்மாவின் சித்தி. தொண்ணூறு தாண்டிவிட்டது, கண் மங்கல், காது மட்டும் பாம்புக் காது. பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறாள். சின்ன வயதில் வாரத்துக்கு ஒரு படம் என்று டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தவள். பன்னிரண்டு வருஷமாக நூலகம் நூலகமாக அலைந்தவனுக்கு இது தோன்ற இவ்வளவு நாளாயிற்று என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அத்தையைக் கேட்டுக்கொள் என்று அந்தப் புத்தகமே சொல்லிக்கொண்டிருந்ததே.

போன பொங்கலுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

'ஏல, இத எங்கல பிடிச்ச?'

'மெட்ராஸ்ல, நடைபாதைக் கடைல. ஆச்சி, நான் வாசிக்கேன், ஏதாவது ஞாபகம் வருதான்னு சொல்லுங்க.'

முதல் பாட்டு வாசித்தேன். உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு, மூன்று, இல்லை. நான்காவது பாட்டுக்கு, 'இது சாமி பாட்டுல்லா, எல்லாப் படத்துலயும் இப்படித்தான் வரும்' என்றாள். பதினோராம் பாட்டைப் பாடியே காட்டினேன், தீன கருணாகரனே மெட்டில். ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

'அது எப்படில அந்த மெட்டுல பாடுத?'

'இதுல அப்படித்தான் போட்டிருக்கு ஆச்சி.'

'போட்டிருப்பான். படத்துல அப்படி இல்ல.'

என் கை நடுங்கியதைச் சொல்லத்தான் வேண்டும். போனில் ரெக்கார்டிங்கைப் போட்டேன். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டாள். தொடையில் விரலால் தாளம் போட்டாள், மூன்று முறை போட்டுவிட்டு நிறுத்தினாள், மறுபடி போட்டாள். அப்புறம் பாடினாள். பல்லில்லாத வாய், மூச்சு வாங்குகிறது, ஆனால் சுதி நிற்கிறது. வேறு மெட்டு. முற்றிலும் வேறு. பல்லவி இரண்டு வரி. அனுபல்லவியில் ஒரு வார்த்தை புத்தகத்தில் இருப்பது இல்லை. புத்தகத்தில் 'மன்னவனே', அவள் வாயில் 'என்னவனே'. சரணத்தின் முதல் வரி வந்தது, இரண்டாவது பாதி வந்தது. அங்கே நின்றுவிட்டாள். நான் அடுத்த வரியை வாசித்து எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டினாள். மறுபடியும் பல்லவியிலிருந்து தொடங்கி அதே இடத்தில் வந்து நின்றாள்.

'படத்து பேரு ஞாபகம் இருக்கா ஆச்சி? அந்த ராணி யாரு? எதுக்கு மூர்ச்சையாவுதா?'

ஆச்சி கண்ணைத் திறந்து, புத்தகத்தை மூடி என் மடியில் போட்டாள்.

'மீதிய வெள்ளித்திரைல பாத்துக்கோ, போ' என்றாள்.